முதல் செக்டார் யாருக்குச் சொந்தம்?

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் ஒற்றுமையாகக் குடியிருக்கின்றன. விண்டோஸ் ரொம்பவும் மெதுவாகிவிட்டது என்று ஒரு நாள் அதை மட்டும் மறுபடி நிறுவுகிறார் கணினிக்காரர். வேலை முடிந்து கணினி மறுபடி கிளம்புகிறது. வழக்கமாக வரும் 'எந்த இயங்குதளம் வேண்டும்?' என்ற பட்டியலைக் காணோம். நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது. லினக்ஸ் எங்கே போனது? அதில் வைத்திருந்த கோப்புகள்?

பதற வேண்டாம். பெரும்பாலும் லினக்ஸ் இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கும். வாசற்கதவை மட்டும் யாரோ அடைத்துவிட்டார்கள். 2000களில் இரண்டு இயங்குதளம் வைத்திருந்தவர்களில் இதை ஒரு முறையாவது அனுபவிக்காதவர்கள் குறைவு. சரிசெய்ய நாலு வரிக் கட்டளை போதும். ஆனால் இது ஏன் நடக்கிறது என்று கேட்டால் பதில் 1983இல் தொடங்கி, ஒரு நிறுவனம் மூழ்கிப்போன கதை, ஒரு நீதிமன்றத் தீர்ப்பு என்று எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வருகிறது. கணினிப் பாடத்தைவிட வணிகச் சட்டப் பாடம் இதில் அதிகம்.

446 பைட்

ஐபிஎம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் பிசியில் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு கிடையாது. ஃப்ளாப்பியைச் செருகினால் அதில் உள்ள இயங்குதளம் கிளம்பும். வேறு இயங்குதளம் வேண்டுமா, ஃப்ளாப்பியை மாற்றினால் போயிற்று. பிசி-டாஸ், சிபி/எம்-86, யுசிஎஸ்டி பி-சிஸ்டம் என்று மூன்று இயங்குதளங்களை ஐபிஎம் அப்போதே அறிவித்திருந்தது. அதாவது 'ஒரு கணினி, பல இயங்குதளம்' என்பது பிற்காலத்து லினக்ஸ் ஆர்வலர்கள் கண்டுபிடித்த குறும்பு அல்ல. பிசி பிறந்தபோதே கூடப் பிறந்தது.

1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி வந்தது, 10 மெகாபைட் வன்தட்டோடு. பெட்டிக்குள் திருகாணி போட்டு இறுக்கிய வன்தட்டை ஃப்ளாப்பி மாதிரி உருவி மாற்ற முடியாதே! அதனால் கூடவே வந்த பிசி-டாஸ் 2.0இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வன்தட்டை நான்கு பகுதிகள் வரை பிரித்துக்கொள்ளலாம். இந்தப் பகுதிக்குத்தான் பார்ட்டிஷன் என்று பெயர். எது எங்கே தொடங்குகிறது, எது இப்போது கிளம்ப வேண்டியது என்ற விவரங்களை வன்தட்டின் முதல் செக்டாரில் ஓர் அட்டவணையாக எழுதி வைப்பார்கள். இதுதான் மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமாக எம்பிஆர்.

ஒரு செக்டார் என்பது 512 பைட். அதில் அட்டவணைக்கு ஓர் இடத்துக்கு 16 வீதம் 64 பைட், கடைசியில் அடையாளக் குறிக்கு 2 பைட். மீதி 446 பைட்டில் ஒரு குட்டி நிரல். கணினியின் பயாஸுக்கு இயங்குதளம் என்றால் என்னவென்றே தெரியாது. முதல் செக்டாரை நினைவகத்தில் ஏற்றி, அடையாளக் குறி இருக்கிறதா என்று பார்த்து, கட்டுப்பாட்டை அந்த 446 பைட்டிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்தக் குட்டி நிரலின் பொறுப்பு. (446 பைட் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? ஒருங்குறித் தமிழில் எழுதினால் இரண்டு மூன்று வரிக்குமேல் தேறாது.)

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. குடியிருக்க நான்கு இடம் ஒதுக்கினார்கள். வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் யார் உட்காரலாம், வேறொருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. கடைசியாக வந்து எழுதியவர் எவரோ, வாசல் அவருக்கு. பின்னால் வந்த 'பூட் ஆகவில்லை' புலம்பல்களில் பாதிக்குமேல் இந்த ஒரு விடுபடலால் வந்தவை.

எல்... ஐ... எல்... ஓ

நாகரிகமாக நடந்துகொண்டவர்களும் உண்டு. 1992இல் வந்த ஐபிஎம்மின் ஓஎஸ்/2 2.0 தன் பூட் மேனேஜரைத் தனக்கென்று ஒரு சிறு பார்ட்டிஷனில் வைத்துக்கொண்டது. 1993இல் வந்த விண்டோஸ் என்டி, பூட்.ஐஎன்ஐ என்ற கோப்பைப் படித்துப் பட்டியல் காட்டியது. ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் சொந்தக் குடும்பம் மட்டும். டாஸ், விண்டோஸ், அதோடு சரி. லினக்ஸ்காரர்கள் தங்கள் பூட் செக்டாரை 512 பைட் கோப்பாக நகலெடுத்து விண்டோஸ் பகுதியில் வைத்து, பூட்.ஐஎன்ஐயில் ஒரு வரி சேர்த்து, பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்.

லினக்ஸுக்கென்று வெர்னர் அல்மெஸ்பெர்கர் 1992இல் எழுதியது லிலோ. 'லினக்ஸ் லோடர்' என்பதன் சுருக்கம். அதன் பிழை காட்டும் முறை அலாதியானது. 446 பைட்டில் பிழைச்செய்தி எழுத இடம் ஏது? அதனால் ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தைத் திரையில் காட்டும். நான்கு எழுத்தும் வந்துவிட்டால் நலம். 'எல்' மட்டும் வந்து நின்றால் இரண்டாம் கட்ட நிரலை ஏற்ற முடியவில்லை. 'எல்ஐ' என்று நின்றால் ஏற்றியாயிற்று, ஓடவில்லை. 'எல்ஐஎல்' என்று நின்றால் அது ஓடத் தொடங்கியும் விவர அட்டவணையைப் படிக்க முடியவில்லை. மருத்துவர் நாடி பார்ப்பது போல எழுத்தை எண்ணி நோயைச் சொல்லலாம்.

லிலோவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. அதற்குக் கோப்பு முறைமை தெரியாது. லினக்ஸின் கெர்னல் வன்தட்டில் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற முகவரிகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய் எடுக்கும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தீர்களானால், அடுத்த முறை கணினி கிளம்பாமல் போகலாம்.

அந்தக் காலத்தில் 1024 சிலிண்டர் என்றாலே கலக்கம்தான். பழைய பயாஸில் சிலிண்டர் எண்ணுக்கு ஒதுக்கியது 10 பிட். ஆக 1024 சிலிண்டர், அதாவது சுமார் 8.4 ஜிபி வரைதான் பயாஸின் கை எட்டும். 1990களின் கடைசியில் வன்தட்டுகள் அதைத் தாண்டிப் பெருத்தன. கெர்னல் அந்த எல்லைக்கு அப்பால் போய் உட்கார்ந்தால் பூட் ஆகாது. இதில் கொடுமை என்னவென்றால், முதல் நாள் எல்லாம் சரியாக ஓடும். சில மாதம் கழித்து வரும் புதிய கெர்னல் கோப்பு எல்லைக்கு வெளியே விழுந்த பிறகுதான் கணினி நிற்கும். வன்தட்டின் தொடக்கத்திலேயே பூட் கோப்புகளுக்கென்று ஒரு சிறு பார்ட்டிஷன் போட்டுக்கொள்ளும் வழக்கத்துக்கு இந்தத் தொல்லை ஒரு முக்கியக் காரணம். தொல்லை தீர்ந்த பிறகும் வழக்கம் நெடுநாள் நீடித்தது.

கோப்பைப் படிக்கத் தெரிந்த கிரப்

1995இல் எரிக் போலின் என்பவர் குனு ஹர்ட் என்ற இயங்குதளத்தைக் கிளப்பப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒவ்வொரு பூட் லோடரா என்று அலுத்துப்போய், அவரும் பிரையன் ஃபோர்டும் 'மல்டிபூட்' என்ற பொது ஒப்பந்தத்தை வரைந்தார்கள். அதன்படி போலின் எழுதியது கிரப். 1999இல் கார்டன் மாட்ஸிக்கைட்டும் யோஷினோரி ஒகுஜியும் அதை அதிகாரபூர்வமான குனு மென்பொருள் ஆக்கினார்கள். ஹர்ட் இன்றுவரை பெரிதாகப் பரவவில்லை. அதைக் கிளப்ப எழுதிய கருவியோ உலகமெங்கும் பரவியது!

கிரப்புக்குக் கோப்பு முறைமை தெரியும். முகவரியைக் குறித்து வைக்காமல் கோப்பின் பெயரைச் சொல்லித் தேடிப் பிடிக்கும். எதுவும் சரியில்லை என்றால் அங்கேயே ஒரு கட்டளைத் திரை தரும். கணினி பூட் ஆகாத நிலையிலும் வன்தட்டைத் துழாவிப் பார்க்க முடிந்தது என்பது லிலோவோடு மல்லுக்கட்டியவர்களுக்குப் பெரிய வரம். லிலோவின் வளர்ச்சி 2015 டிசம்பரில் நின்றது.

ஆனால் கிரப் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், அது உட்கார வேண்டியது அதே 446 பைட் வாசலில்தான். விண்டோஸ் 95 தொடங்கி எக்ஸ்பி, 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா என்று எதை நிறுவினாலும் வாசலில் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் தன் நிரலை எழுதிவிடும். மைக்ரோசாஃப்ட் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. வாசலில் ஏதோ வைரஸ் உட்கார்ந்திருந்தால்? நிறுவி முடித்தும் விண்டோஸ் கிளம்பாவிட்டால் திட்டு அவர்களுக்குத்தானே? சரி. ஆனால் 'இங்கே வேறொன்று இருக்கிறது, அழிக்கட்டுமா?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். லினக்ஸ் நிறுவிகள் விண்டோஸைத் தேடிப் பிடித்துத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. அதனால்தான் முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசையை அனுபவசாலிகள் மந்திரம் போலச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வரிசை மாறிவிட்டால் லைவ் சிடி. வன்தட்டைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸைக் கிளப்பி, கிரப் கட்டளைத் திரைக்குப் போய், பூட் கோப்புகள் எந்தப் பார்ட்டிஷனில் உள்ளன என்று 'ரூட்' கட்டளையால் காட்டி, 'செட்டப்' கட்டளையால் முதல் செக்டாரில் எழுதச் சொன்னால் பட்டியல் திரும்பி வந்துவிடும். பழைய கிரப் வன்தட்டையும் பார்ட்டிஷனையும் பூஜ்யத்திலிருந்து எண்ணும். முதல் வன்தட்டின் முதல் பார்ட்டிஷன் என்பது அதன் கணக்கில் '0,0'. இதை மறந்து 1 என்று அடித்துவிட்டு மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

எதிர்த்திசை விபத்தும் உண்டு. லினக்ஸ் போதும் என்று விண்டோஸில் இருந்தபடியே அதன் பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். வாசலில் இருப்பது கிரப்பின் முதல் துண்டு. மீதித் துண்டுகள் அழித்த பகுதியில் இருந்தன. அடுத்த முறை 'பிழை 22' என்று எண்ணைக் காட்டிவிட்டு நிற்கும். அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை என்று பொருள். மருந்து, எக்ஸ்பி சிடியின் ரெக்கவரி கன்சோலில் 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. டாஸ், விண்டோஸ் 98 காலத்தில் எஃப்டிஸ்க் கட்டளையோடு எம்பிஆர் என்று சேர்த்து அடிப்பார்கள். இந்த விபத்துக்கு மைக்ரோசாஃப்டைத் திட்டிப் பயனில்லை.

ஒளித்து வைத்த இயங்குதளம்

வாசல் ஒரு தொழில்நுட்பத் தலைவலி மட்டும் அல்ல, அதற்குச் சந்தை மதிப்பும் உண்டு என்று காட்டியது பிஓஎஸ்.

ஆப்பிளை விட்டு வெளியேறிய ழான்-லூயி காசே 1990இல் பி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது உருவாக்கிய பிஓஎஸ், ஒலி, ஒளிப்பட வேலைகளில் அசாத்திய வேகம் காட்டியது. விண்டோஸை விரட்ட வேண்டும் என்று காசே சொல்லவில்லை. விண்டோஸ் இருக்கட்டும், பக்கத்தில் எங்களுக்கும் ஒரு பார்ட்டிஷன் கொடுங்கள் என்றுதான் கேட்டார். பூட்மேன் என்று சொந்தமாகப் பட்டியல் காட்டும் நிரலும் வைத்திருந்தார்கள். தொழிற்சாலையிலேயே நிறுவி, கணினி கிளம்பும்போது கண்ணில் படும்படி வைக்கும் தயாரிப்பாளர்களுக்கு இலவசமாகவே தருகிறோம் என்றுகூட 1990களின் கடைசியில் அறிவித்தார்.

விலை பூஜ்யம். எந்தப் பொருளியல் பாடநூலைப் பார்த்தாலும் வாங்க ஆள் வர வேண்டும். பெரிய நிறுவனம் எதுவும் வரவில்லை.

ஹிட்டாச்சி மட்டும் ஜப்பானில் ஃப்ளோரா பிரியஸ் வரிசையில் விண்டோஸ் 98உடன் பிஓஎஸ்ஸையும் வைத்து விற்றது. ஆனால் விசித்திரம்! கணினியைப் போட்டால் பட்டியல் வராது. நேராக விண்டோஸ். பிஓஎஸ் வன்தட்டில் முழுதாக இருக்கிறது, அதற்குப் போகும் வழி மட்டும் இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் பி நிறுவனத்தின் வழிமுறையைப் படித்துத் தானே வழியைத் திறந்துகொள்ள வேண்டும். எத்தனை பேர் செய்திருப்பார்கள்?

காரணம் மைக்ரோசாஃப்ட் தயாரிப்பாளர்களோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தம் என்றது பி. விண்டோஸ் உள்ள கணினியில் வேறு பூட் லோடர் காட்டக் கூடாது என்று அந்த ரகசிய ஒப்பந்தங்கள் தடுத்தன என்பது குற்றச்சாட்டு. 2001இல் பி தன் சொத்துகளை 1.1 கோடி டாலருக்கு பாம் நிறுவனத்திடம் விற்றுவிட்டு, 2002 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. 2003 செப்டம்பரில் சமரசம். 2 கோடியே 32.5 லட்சம் டாலர் கைமாறியது. தவறு செய்ததாக மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்ளவில்லை. நிறுவனத்தை விற்றுக் கிடைத்ததைப்போல இரு மடங்கு பணம், அதன் பொருளை விற்க முடியாமல் போனதற்காகக் கிடைத்தது!

இதற்கு நடுவே அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த பெரிய ஏகபோக வழக்கில் 2002 நவம்பர் 12இல் இறுதி ஆணை வந்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது அதன் பிரவுசர் பகுதி. ஆனால் மூன்றாம் பிரிவில் சி(4) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே பயாஸிலிருந்தோ மைக்ரோசாஃப்டுடையது அல்லாத பூட் லோடரிலிருந்தோ வேறு இயங்குதளத்தைக் கிளப்பும் வசதியைப் பயனருக்குத் தர, கணினித் தயாரிப்பாளரை ஒப்பந்தம் போட்டுத் தடுக்கக் கூடாது என்கிறது அது. இரண்டு இயங்குதளம் வைத்து விற்பவரைப் பழிவாங்கவும் கூடாது என்று இன்னொரு உட்பிரிவு. முதல் செக்டாரின் பாத்தியதை ஒரு நீதிமன்ற ஆணைவரை போயிருக்கிறது. ஆனால் பிஓஎஸ்ஸுக்கு அது காலம் கடந்த நீதி.

காலி மனை

பூட்டைக் கெடுத்ததில் மூன்றாவது ஆளும் ஒருவர் உண்டு. பழைய வழக்கப்படி முதல் பார்ட்டிஷன் 63ஆம் எண் செக்டாரில்தான் தொடங்கும். முதல் செக்டாருக்கும் அதற்கும் நடுவே 62 செக்டார், சுமார் 31 கிலோபைட், சும்மா கிடந்தது. 446 பைட்டில் அடங்காத தன் மீதி உடம்பை கிரப் அங்கே நீட்டிப் படுத்துக்கொண்டது. விண்டோஸில் ஓடும் சில விலையுயர்ந்த மென்பொருள்களின் உரிமப் பாதுகாப்பு நிரல்களும் அதே காலி மனையில் ரகசியக் குறிப்பு எழுதி வைத்தன. உபுண்டு 2009 அக்டோபரில் கிரப் 2க்கு மாறியபோது இது வெடித்தது. விண்டோஸில் ஒரு மென்பொருளைத் திறந்து மூடினால் லினக்ஸ் பூட் ஆகாது! கடைசியில் கிரப்காரர்கள் அந்த நிரல்களின் குறியை அடையாளம் கண்டு ஒதுங்கிப் போகவும், எழுதியது கொஞ்சம் கெட்டாலும் தானே திருத்திக்கொள்ளும் ரீட்-சாலமன் முறையில் எழுதவும் ஏற்பாடு செய்தார்கள். கீறல் விழுந்த சிடியைப் படிக்க உதவும் அதே கணக்கு.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் சின்ன இடம் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. ஹிட்டாச்சி ஒளித்து வைத்த அந்த 'இரண்டில் எது?' என்ற தேர்வு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைத்தது.

வாசல் பெரிதானது, காவலாளி வந்தார்

பயாஸுக்கு மாற்றாக இன்டெல் தொடங்கிய ஈஎஃப்ஐ, 2005இல் பல நிறுவனங்களின் கூட்டமைப்பு கைக்குப் போய் யூஈஎஃப்ஐ ஆனது. 1983இல் விட்ட பிழை இதில்தான் திருந்தியது. பூட் கோப்புகளுக்கென்று தனிப் பார்ட்டிஷன், அதற்குள் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி அடைவு. யார் முதலில் என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கும். ஒருவரை அழித்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும் என்ற நிலை போயிற்று.

காகிதத்தில் அருமை. நடைமுறையில்? 2012இல் விற்ற ஒரு மேசைக்கணினி, பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அல்லது 'ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ்' என்ற பெயர் இருந்தால்தான் உள்ளே விட்டது. அதே லினக்ஸ், பெயர் ஃபெடோரா என்று இருந்தால் கிளம்பாது. லினக்ஸ் நிரலாளர் மேத்யூ காரெட் இதைக் கண்டுபிடித்து எழுதினார்.

அவர்தான் இன்னொன்றையும் முதலில் உரக்கச் சொன்னவர். மேலே சொன்ன நீதிமன்ற ஆணை 2011 மே 12இல் காலாவதியானது. அதே ஆண்டு செப்டம்பரில், விண்டோஸ் 8 முத்திரை வேண்டும் என்றால் 'செக்யூர் பூட்' இருக்க வேண்டும் என்ற மைக்ரோசாஃப்டின் நிபந்தனையை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கையொப்பம் இல்லாத பூட் லோடரை யூஈஎஃப்ஐ ஓடவிடாது. பெரும்பாலான கணினிகளில் தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் சாவி மைக்ரோசாஃப்டுடையது. இரண்டு நிகழ்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல ஆதாரம் இல்லை. பூட் வைரஸ்களைத் தடுக்க இப்படி ஒன்று தேவை என்பதும் உண்மைதான். எதிர்ப்பு கிளம்பியதும் சாதாரண பிசிகளில் இதை அணைக்கும் வசதி கட்டாயம் என்று மைக்ரோசாஃப்டே நிபந்தனை சேர்த்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்தக் கட்டாயம், தயாரிப்பாளர் விருப்பம் என்று மாறியது.

லினக்ஸ்காரர்கள் கண்ட வழி 'ஷிம்'. காரெட் 2012 கடைசியில் வெளியிட்ட சிறு நிரல். மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தோடு உள்ளே நுழைந்து, பிறகு கிரப்பைச் சரிபார்த்து உள்ளே அழைக்கும். கிரப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால்? 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்ற ஓட்டை வெளியானபோது, அதை அடைக்க வந்த திருத்தமே ரெட் ஹேட் லினக்ஸ் கணினிகள் சிலவற்றைப் பூட் ஆகாமல் செய்துவிட்டது. பிறகு பழைய, ஓட்டையுள்ள பதிப்புகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்க 'எஸ்பேட்' என்ற தலைமுறை எண் முறை வந்தது.

2024 ஆகஸ்ட் 13இல் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு அந்த எண்ணை உயர்த்தியது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளில் இது பாயாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. பாய்ந்தது. மறுநாள் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, ஏதோ பெரும் தவறு நேர்ந்துவிட்டது என்ற ஒரு செய்தி வந்து கணினி அணைந்தது. 1990களில் முதல் செக்டாரை மேலெழுதியபோது நடந்ததுபோலவே லினக்ஸ் வன்தட்டில் பத்திரமாக இருந்தது, வழி மட்டும் அடைபட்டது.

சரிசெய்யும் முறை நாலைந்து படி. யூஈஎஃப்ஐ அமைப்புக்குள் போய்ச் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸைக் கிளப்பி, மோக்யூட்டில் என்ற கட்டளையால் எஸ்பேட் கொள்கையை அழித்து, மறுபடி லினக்ஸை ஒரு முறை கிளப்பிவிட்டு, செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்தில் இதைச் சரிசெய்தது 2025 மே மாதப் புதுப்பிப்பில். ஒன்பது மாதம்.